மலைப்பாதைக்கு ஏற்ற அன்டெனா

மழைக்காலத்தில் மண் சரிந்து, கரண்டும் போனும் நின்றால் தோட்டத்துக்கும் டவுனுக்கும் பேச்சே அற்றுப் போகும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானின் போர்ட் பிளேயரிலிருந்து பாரதி பிரசாத் என்ற பெண்மணி அமெச்சூர் ரேடியோ மூலம் செய்தி அனுப்பினார். இக்கலையைப் படிக்க விரும்பும் நம் இளைஞர்களுக்காக, லொறி, ஜீப்பில் பூட்டும் அன்டெனா பற்றி இம்முறை பார்ப்போம்.

நீளம்: 145 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2 மீற்றர். அதில் கால்பங்கு, அதாவது சுமார் அரை மீற்றர் கம்பி போதும்.

உறுதி: துருப்பிடிக்காத கம்பி, அடியில் ஸ்பிரிங் உள்ளதாகப் பாருங்கள். மரக்கொப்பு தட்டினாலும் வளைந்து நிமிரும். காந்த அடி கழற்ற லேசு; ஆனால் கொப்பு பட்டால் விழுந்துவிடும். நம்ம பாதைக்கு நட்டு, போல்ட்தான் நல்லது.

இடம்: தகரக் கூரையின் நடுவே பூட்டுங்கள். அந்தத் தகரம்தான் அன்டெனாவின் மறுபாதி. முச்சக்கர வண்டியின் துணிக்கூரையில் இது சரிவராது.

பராமரிப்பு: வயர் மூட்டில் தண்ணி இறங்கினால் சத்தம் குறையும். மூட்டை நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர் 2க்கு மேல் காட்டினால் பேசாமல் முதலில் மூட்டைப் பாருங்கள்.

நாலந்தா போன்ற பள்ளத்தில் மலை அலையை மறிக்கும். மேட்டுக்கு ஏறிப் பேசுங்கள். இடி மின்னல் என்றால் உடனே நிறுத்துங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. முதலில் பரீட்சை, பிறகுதான் அன்டெனா!