ஐம்பதில் மலையேற ஒரு பைக்

குழந்தைகள், கார் என்று பல வருடம் பைக்கைத் தொடாதவர்கள், நெல்லியாம்பதிக்கோ போடிமெட்டுக்கோ போகும் ஆசையில் ஷோரூமில் முதலில் விசாரிப்பது சிசி. விசாரிக்க வேண்டியது எடையை.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 இரண்டுக்குமே இருக்கை உயரம் 825 மி.மீ.தான். ஆனால் முன்னது சுமார் 160 கிலோ, பின்னது 196. ஏலக்காய்த் தோட்டத்து ஈர மண்ணில் சாய்ந்த வண்டியைத் தூக்கும்போது முதுகுக்குத் தெரியும் அந்த வித்தியாசம். அதனால் டெஸ்ட் ரைடோடு விடாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளித் திருப்புங்கள். சரிவில் ஒற்றைக் காலை ஊன்றி நிறுத்துங்கள். தடுமாறினால் அந்த வண்டி வேண்டாம்.

பாலக்காட்டிலிருந்து மூணாறுவரை தார்ச்சாலையே அதிகம் என்றால் ஹிமாலயனின் 40 குதிரைத்திறன் சுகம். தோட்டப் பாதைகளுக்கு எக்ஸ்பல்ஸே போதும். அதன் ஸ்போக் சக்கரத்தில் டியூப் இருப்பதால், உதிரி டியூபும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும்.

போகும் வழியையும் முன்பே விசாரியுங்கள்: பறம்பிக்குளம் காப்பகத்துக்குள் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

கிளம்புமுன் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்தால், மறுபடி ஓட்டிக் காட்டித் தேறினால்தான் புதுப்பிப்பார்கள்.