படகில் மின்கோளாறும் ஓம் விதியும்

மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கினால் மின்னழுத்தம் வரும் என்ற ஓம் விதியை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். தேர்வு முடிந்ததும் அதை மறந்தும் விடுகிறோம். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்த எனக்கு மட்டும் அதை மறக்க வழியில்லை. என் சித்தப்பா எங்கள் ஊரில் வள்ளங்களின் அவுட்போர்டு மோட்டார்களைப் பழுதுபார்ப்பவர். விடுமுறை நாட்களில் அவருக்குக் கையாளாக நிற்பேன். அங்கே கண்டதையும் வகுப்பில் கற்றதையும் சேர்த்து எழுத முயல்கிறேன்.

கரையில் மோட்டார் நின்றால் நஷ்டம் பணத்தோடு போகும். கடலில் நின்றால் அப்படியல்ல. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்து மீனவர் பலரைக் கொண்டுபோனதை அன்பர்கள் அறிவார்கள். விளக்கு, ஜி.பி.எஸ்., வாக்கிடாக்கி ஆகிய மூன்றும் ஒரே 12 வோல்ட் பாட்டரியை நம்பியிருக்கின்றன. அந்தப் பாட்டரியிலிருந்து வரும் ஒரு கம்பி இற்றுப்போனால் மூன்றும் ஒருசேரப் போய்விடும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கயிறு இழுத்து இயக்கும் சிறிய மோட்டார்களில் தீப்பொறிக்குப் பாட்டரி தேவையில்லை. சுழல்சக்கரத்தில் பதித்த காந்தங்கள் கம்பிச் சுருளைக் கடக்கும்போது மின்சாரம் தூண்டப்படுகிறது. பாரடே 1831இல் கண்ட உண்மைதான். அம்மின்சாரம் ஒரு மின்தேக்கியில் சேர்ந்து, சரியான நொடியில் வெளிப்பட்டு, பிளக்கில் பொறியாகிறது. ஆகவே இத்தகைய மோட்டார் நின்றுபோனால் பாட்டரியைக் குறைசொல்வது வீண். விளக்கு மங்கினால் பிளக்கைக் கழற்றுவதும் வீண். இரண்டும் தனித்தனிச் சுற்றுகள். இதை அறியாமல் புதுப் பாட்டரி வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி விளக்குச் சுற்றைப் பார்ப்போம். பெரும்பாலும் கெட்டுப்போவது கருவியல்ல, இணைப்பு. உப்புநீர் செம்புக் கம்பியின் உறைக்குள் ஊறி ஏறிப் பச்சை பூக்க வைக்கிறது. வெளியே உறை பளபளவென்று இருக்கும். உரித்துப் பார்த்தால் உள்ளே கம்பி கறுத்துக் கிடக்கும். இங்கேதான் மல்டிமீட்டர் நம்மைத் திகைக்க வைக்கிறது. பாட்டரியில் 12.6 வோல்ட், விளக்கின் முனையிலும் 12.6 வோல்ட் காட்டும். விளக்கை மாட்டினாலோ மினுக்கென்று எரியும். மீட்டரின் உள்தடை பல லட்சம் ஓம் என்பதால் அது இழுக்கும் மின்னோட்டம் மிக அற்பம். மின்னோட்டம் இல்லையேல், இற்றுப்போன இணைப்பின் 5 ஓம் தடையில் மின்னழுத்த இழப்பும் இல்லை. 21 வாட் பல்பு எரியும்போது அதன் தடையோ ஏறத்தாழ 7 ஓம்தான். அந்த 5 ஓம் குறுக்கே நின்றால் பல்புக்கு மின்னழுத்தத்தில் பாதியளவே கிடைக்கும்.

சித்தப்பா இந்தக் கணக்கைப் போடுவதில்லை. இரண்டு கம்பி பற்றவைத்த பல்பு ஒன்றைப் பையில் வைத்திருப்பார். "மக்களே, மீட்டர வை, பல்ப வச்சுப் பாரு" என்பார். பாட்டரியில் தொடங்கி ஒவ்வோர் இணைப்பாக அதைத் தொட்டுக்கொண்டு போனால், எந்த இடத்தைத் தாண்டியதும் ஒளி குறைகிறதோ அங்கேதான் கோளாறு. பேராசிரியர்கள் பொறுத்தருள்க, இந்த வேலைக்கு மீட்டரைவிட அந்தப் பல்பே மேல் என்பது என் கருத்து.

பொத்தானை அழுத்தி இயக்கும் பெரிய மோட்டார்களில் கணக்கு இன்னும் சுவையானது. சுற்றுலாப் படகு ஒன்றின் ஸ்டார்ட்டர் 'டக்' என்று சொல்லி நின்றுவிட்டது. கியர் நியூட்ரலில் இருந்தது, பியூசும் நன்றாகவே இருந்தது. பொத்தானை அழுத்தியபடி அளந்தோம்: பாட்டரி முனைகளில் 10.5 வோல்ட், ஸ்டார்ட்டரில் 7.5 வோல்ட். நடுவே 3 வோல்ட் எங்கே போயிற்று? ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், வழியில் 0.03 ஓம் தடை இருந்தாலே போதும். அந்தத் தடையில் 300 வாட் வெப்பமாகிறது. அப்படியானால் கையே மீட்டராகிவிடும்! பொத்தானை விட்டபின் ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தோம். எதிர்முனைக் கம்பி எஞ்சினில் சேரும் இடம் மட்டும் கொதித்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே கிரீஸ் பூசியதும் ஸ்டார்ட்டர் சுழன்றது. செலவு உப்புத்தாளும் கிரீசும்தான்.

பொறியே வராத மோட்டாரில் முதலில் சிவப்புப் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து நிறுத்தும் பொத்தானின் கம்பி. பொத்தானை அழுத்தும்போது இக்கம்பி எஞ்சின் உடலோடு சேர்ந்து பொறியை அணைக்கிறது. உறை தேய்ந்து தானாகவே உடலைத் தொட்டுவிட்டால், யாரோ எந்நேரமும் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பதற்குச் சமம். அக்கம்பியை மட்டும் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்துப் பார்த்துப் பொறி வந்தால், விலையுயர்ந்த மின்பொறிப் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்நிலையில் மோட்டார் ஓடத் தொடங்கினால் பொத்தான் நிறுத்தாது. சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். பொறியைச் சோதிக்கும்போது பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சின் உடலை நன்றாகத் தொட்டிருக்க வேண்டும். எரிபொருள் ஆவி அருகில் இருக்கவே கூடாது. பிளக் கழற்றிய துளையிலிருந்தும் அந்த ஆவி வரும் என்பதால், சித்தப்பா அதை ஈரத்துணியால் அடைத்துவிட்டுத்தான் கயிற்றில் கை வைப்பார்.