முதல் மரியாதை மவுண்ட்டுக்கே

வானத்தைப் படம் பிடிக்கும் ஆசையில் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்கிறேன். நெபுலாக்களும் கேலக்ஸிகளும் மிக மங்கலானவை. அவற்றின் ஒளியை நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் சேர்த்தால்தான் படம் கிடைக்கும். ஆனால் பூமி நமக்காக நிற்பதில்லை. வானம் ஒவ்வொரு விநாடியும் 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஓர் ஆர்க்செகண்ட். இந்த நகர்வை ஈடுகட்டுவதுதான் இந்தக் கலையின் அடிப்படை.

1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் எடுத்தார். எக்ஸ்போஷர் 51 நிமிடம். 1882 மார்ச்சில் 137 நிமிடம் வரை போனார். ஒளியை நன்றாக வாங்கும் உலர் தகடும், வானத்தோடு சேர்ந்து நகரும் கடிகார இயந்திரமும் இல்லாமல் அது நடந்திருக்காது. இன்று தகட்டின் இடத்துக்கு சென்சார் வந்துவிட்டது. அந்த இயந்திரத்தின் வேலையை இன்று செய்வது, டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மவுண்ட். அதன் முக்கியத்துவம் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது.

1. பணத்தை முதலில் மவுண்ட்டில் போடுங்கள். பெரிய டெலஸ்கோப், விலை உயர்ந்த கேமரா என்றுதான் மனம் ஓடும். ஆடும் மவுண்ட்டில் எதை வைத்தாலும் நட்சத்திரம் முட்டை வடிவில்தான் வரும். நீண்ட எக்ஸ்போஷருக்கு, பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் திரும்பும் ஈக்வடோரியல் மவுண்ட்தான் வேண்டும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் ஆல்ட்-ஆஸிமுத் மவுண்ட் பொருளைப் பின்தொடரும். ஆனால் படம் மெல்லச் சுழன்றுவிடும். மவுண்ட் தாங்கும் என்று அட்டவணையில் போட்டிருக்கும் எடையில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் டெலஸ்கோப்பாக 60 முதல் 80 மி.மீ. விட்டமுள்ள சிறிய ரிஃப்ராக்டர் போதும். குவியத் தூரம் குறைவாக இருந்தால் மவுண்ட்டின் சிறு பிழைகள் படத்தில் அவ்வளவாகத் தெரியாது.

2. உங்கள் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து, 206ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை ஆர்க்செகண்டைப் பிடிக்கிறது என்று தெரியும். 3.76 மைக்ரான் பிக்சல், 400 மி.மீ. டெலஸ்கோப் என்றால் ஏறக்குறைய 1.9. ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்ட்டைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் கைடிங். அங்கே கைடிங் பிழை ஓர் ஆர்க்செகண்ட் இருந்தாலும் கவலை இல்லை. அதே கேமராவை 1000 மி.மீ. டெலஸ்கோப்பில் மாட்டினால் 0.8 ஆகிவிடும், அப்போது பிழை அரை ஆர்க்செகண்டுக்குள் அடங்க வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் மற்றவர்களின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு மனம் சோராதீர்கள்.

3. துருவ அலைன்மென்ட்டில் அவசரம் வேண்டாம். மவுண்ட்டின் அச்சு வான துருவத்தை நோக்க வேண்டும். துருவ நட்சத்திரமே துருவம் என்று நினைத்துவிடாதீர்கள். அது உண்மையான துருவத்திலிருந்து ஏறக்குறைய 40 ஆர்க்நிமிடம், அதாவது முழு நிலவின் அகலத்தைவிட அதிகமாக, விலகி நிற்கிறது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். துருவத்தின் உயரம் நம் அட்சரேகைதான்: சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரி. அந்த உயரத்தில் தென்னை மரமோ, பக்கத்து மாடியோ, அடிவானத்து மூட்டமோ மறைத்துவிடும். போதாக்குறைக்குக் காற்று மண்டலம் ஒளியை வளைத்து, அங்குள்ள நட்சத்திரங்களைச் சில ஆர்க்நிமிடம் மேலே தூக்கிக் காட்டும். மென்பொருளில் இந்த ஒளிவிலகலுக்கான திருத்தம் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

துருவ நட்சத்திரமே தெரியாவிட்டால் டிரிஃப்ட் முறை கைகொடுக்கும். வடக்கிலிருந்து தெற்காகத் தலைக்கு மேலே செல்லும் உச்சிக்கோட்டின் அருகே, பூமத்திய ரேகைக்கு நேர் மேலான வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைக் கவனியுங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே சாய்ந்திருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே. பிறகு கிழக்கு வானில், தாழ்வான ஒரு நட்சத்திரம். தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. 10 ஆர்க்நிமிடப் பிழை இருந்தால் நட்சத்திரம் நிமிடத்துக்கு 2.6 ஆர்க்செகண்ட் வரை நகரும். கைடிங் அதை இழுத்துப் பிடித்துவிடும் என்று விடாதீர்கள். கைடு நட்சத்திரம் அசையாமல் நிற்கும். மற்ற நட்சத்திரங்கள் அதைச் சுற்றிச் சுழலும். படத்தின் மூலைகளில் வளைந்த கோடுகளைப் பார்த்தால் காரணம் இதுதான்.

4. பேலன்ஸ் பார்க்காமல் மோட்டாரை ஓட்டாதீர்கள். கேமரா, கைடிங்குக்கான சிறு டெலஸ்கோப்பான கைடு ஸ்கோப், கேபிள் எல்லாம் மாட்டி, ஃபோகஸும் செய்த பிறகு கிளட்ச்சைத் தளர்த்திச் சரிபாருங்கள். பல்சக்கர மவுண்ட்டில் கிழக்குப் பக்கம் மிக லேசான பாரம் இருந்தால் பற்கள் எப்போதும் ஒரே பக்கம் உரசி நிற்கும், ஓட்டம் சீராகும். கேபிள்கள் தொங்கக் கூடாது. உச்சிக்கோட்டைத் தாண்டி மவுண்ட் மறுபக்கம் திரும்பும்போது எந்தக் கேபிளும் இழுபடாது என்பதை இருட்டுவதற்கு முன்பே ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

5. உங்கள் மவுண்ட்டின் குணத்தைப் படியுங்கள். மவுண்ட்டைத் திருப்பும் வார்ம் கியர் எவ்வளவு நன்றாகச் செதுக்கப்பட்டிருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சற்று முந்தும், ஒரே இடத்தில் சற்றுப் பிந்தும். 180 பல் உள்ள ஈக்யூ6 மவுண்ட்டில் இந்தச் சுற்று 479 விநாடி. 135 பல் உள்ள ஹெச்ஈக்யூ5 மவுண்ட்டில் 638 விநாடி. இந்த அலைவு 20, 30 ஆர்க்செகண்ட் வரை போவது சாதாரணம். மெதுவாக வரும் பிழை என்பதால் கைடிங் இதை எளிதில் அடக்கும். இன்று பரவலாகியிருக்கும் ஹார்மானிக் டிரைவ் மவுண்ட்டுகள் எடை குறைந்தவை. மலைக்குத் தூக்கிப்போக வசதி. ஆனால் அவற்றின் அலைவு பெரியது, வேகமானது. கைடு கேமராவுக்கு ஒரு விநாடி அல்லது அதற்கும் குறைந்த எக்ஸ்போஷர் தேவைப்படும். கைடிங் இல்லாமல் அவற்றை நம்பாதீர்கள்.

6. கைடிங்கிடம் அதன் வேலையை மட்டும் கேளுங்கள். 1890களில் லிக் வானாய்வகத்தில் எட்வர்ட் பர்னார்ட் பால்வீதியைப் படம் எடுத்தபோது, கைடு டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பியை விட்டு விலகாமல் மணிக்கணக்கில் பிடித்துவைத்தார். அந்த வேலையை இன்று ஒரு சிறு கேமராவும் பிஹெச்டி2 என்ற இலவச மென்பொருளும் செய்கின்றன. வான நடுக்கோட்டுக்கும் உச்சிக்கோட்டுக்கும் அருகில் கேலிப்ரேஷன் செய்யுங்கள். அங்கேதான் இரு அச்சின் அசைவும் தெளிவாக அளக்கப்படும். வார்ம் கியர் மவுண்ட்டுக்குக் கைடு எக்ஸ்போஷர் 2 முதல் 3 விநாடி வைக்கலாம். அதைவிடக் குறைத்தால் காற்றின் நடுக்கத்தால் துள்ளும் நட்சத்திரத்தை மவுண்ட் துரத்தத் தொடங்கும். இல்லாத பிழையைத் திருத்தப்போய் இருக்கும் படம் கெடும்.

7. கிராஃபை நாடி பார்ப்பதுபோல் பாருங்கள். பிஹெச்டி2 திரையில் நீலக் கோடு கிழக்கு-மேற்கு அசைவான ஆர்.ஏ., சிவப்புக் கோடு வடக்கு-தெற்கு அசைவான டெக். சிவப்புக் கோடு ஒரு பக்கமாக ஏறி நின்று, திருத்தம் மேல் திருத்தம் கொடுத்தும் இறங்காமல், பத்து இருபது விநாடி கழித்துச் சட்டென்று மறுபக்கம் பாய்ந்தால், டெக் பல்சக்கரத்தில் இடைவெளி இருக்கிறது என்று பொருள். துருவ அலைன்மென்ட்டில் சிறு பிழையை விட்டுவைத்து, டெக் திருத்தத்தை ஒரே திசையில் மட்டும் அனுமதித்தால் அன்றைய இரவைக் காப்பாற்றலாம். நீலக் கோடு ஒவ்வொரு திருத்தத்துக்கும் மேலும் கீழுமாக மாறி மாறித் துள்ளினால் திருத்தம் மிகையாகப் போகிறது, திருத்தத்தின் அளவை முடிவு செய்யும் அக்ரஸிவ்னஸைக் குறையுங்கள். இரண்டு கோடும் ஒரே கணத்தில் எகிறினால் காற்று, இல்லாவிட்டால் கேபிள், இல்லாவிட்டால் உங்கள் காலடி.

8. கிராஃப் அழகாக இருந்தும் நட்சத்திரம் நீண்டால் வளைவைத் தேடுங்கள். கைடு ஸ்கோப்பும் முதன்மை டெலஸ்கோப்பும் வெவ்வேறு அளவில் தொய்ந்தால் கைடிங்குக்கு அது தெரியாது. கைடு ஸ்கோப்பின் திருகுகள், ஃபோகஸர், அடாப்டர் எல்லாவற்றையும் இறுக்குங்கள். நீண்ட குவியத் தூரத்துக்கும், கண்ணாடி நகர்ந்து ஃபோகஸ் ஆகும் டெலஸ்கோப்புகளுக்கும், ஒரே குழாயின் ஒளியிலிருந்து சிறிது எடுத்துத் தரும் ஆஃப்-ஆக்சிஸ் கைடர்தான் சரியான வழி.

9. ஒரு ஃபிரேமின் நீளத்தைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்சாரைப் படிக்கும்போது சேரும் ரீட் நாய்ஸ், வானத்தின் ஒளி தரும் நாய்ஸில் மூழ்கும் அளவுக்கு நீளம் இருந்தால் போதும். பழைய சிசிடி கேமராக்களுக்கு அதற்காக 10, 20 நிமிடம் வேண்டியிருந்தது. இன்றைய சீமாஸ் சென்சார்களில் ரீட் நாய்ஸ் மிகக் குறைவு. நகர வெளிச்சத்தில் ஒரு நிமிடம், இருண்ட மலையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் என்று தொடங்குங்கள். ஹிஸ்டோகிராம் இடது ஓரத்திலிருந்து விலகி நின்றால் அந்த நீளம் போதும். ஒரு விமானமோ செயற்கைக்கோளோ கடந்தாலும் ஒரு சிறு ஃபிரேம்தான் போகும்.

10. மொத்த நேரத்தைக் கூட்டுங்கள். ஃபிரேம்களுக்கு நடுவே டிதர் செய்யுங்கள். ஒரு மணி நேரப் படத்தைவிட இரு மடங்கு தரம் வேண்டுமானால் நான்கு மணி நேரம் சேர்க்க வேண்டும். ஒரே பொருளை இரண்டு மூன்று இரவு எடுக்கத் தயங்காதீர்கள். டிதர் என்பது இதுதான்: சில ஃபிரேமுக்கு ஒரு முறை மவுண்ட்டைச் சில பிக்சல் நகர்த்தினால், சென்சாரின் நிலையான கறைகள், ஃபிரேம்களை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டாக்கிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக விழாமல் கழிந்துபோகும்.

11. நம் வானத்தின் வரத்தைப் பயன்படுத்துங்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்ததற்கு, தென்வானத்தின் பெரும்பகுதி அங்கிருந்து தெரியும் என்பதும் ஒரு காரணம். ஒமேகா சென்டாரி நம் ஊரில் 30 டிகிரி உயரம் வரை ஏறும். கரீனா நெபுலாவும் எட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நமக்கு நல்ல காலம். பனி இறங்கும் இரவுகளுக்கு லென்ஸைச் சூடாக வைக்கும் டியூ ஹீட்டரையும், விடியும்வரை தாங்கும் பேட்டரியையும் மறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அமாவாசைக்குக் காத்திருந்து, மலைக்குப் போய், அங்கே முதல் முறையாக மென்பொருளைத் திறக்காதீர்கள். அலைன்மென்ட், பேலன்ஸ், கேலிப்ரேஷன், கிராஃப் வாசிப்பு நான்கையும் நிலா காயும் இரவுகளில் மொட்டை மாடியிலேயே பழகலாம். கைடு நட்சத்திரத்துக்கு நிலவொளி ஒரு தடையே இல்லை. படத்தின் நான்கு மூலைகளிலும் நட்சத்திரம் வட்டமாக வரும்வரை இதே கருவிகளோடு இருங்கள். அது வந்த பிறகு அடுத்த டெலஸ்கோப்பைப் பற்றிப் பேசுவோம்.