உழவு இயந்திரம்: திருத்தும் செலவும் பேணும் செலவும்

பெரும்போக மழை விழுந்து நிலம் பதப்பட்டவுடன் கமக்காரருக்கு வேண்டிய முதற்பொருள் பழுதின்றி ஓடும் இயந்திரமேயாகும். ஊரவர் லாண்ட்மாஸ்டர் என அழைக்கும் இருசில்லு உழவு இயந்திரம் இன்று எமது வயல்களில் உழுகின்றது, சேறடிக்கின்றது, பெட்டி பூட்டினால் நெல்லையும் பசளையையும் ஏற்றிச் செல்கின்றது. அது பழுதடைந்து நின்றால் இவ்வேலைகள் யாவும் நின்றுவிடும்.

இயந்திரத்தை விற்பனை முகவரின் திருத்துமிடத்துக்குக் கொண்டுசெல்வதா, வீட்டிலே தாமே கழற்றிப் பார்ப்பதா என்பது கமக்காரர் பலர் கேட்கும் வினா. எல்லா வேலைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்குக் கிடையாது. சில வேலைகளுக்குக் கூலி கொடுப்பது வீண்செலவு. வேறு சிலவற்றில் கூலியை மிச்சம் பிடிக்க முயல்வதே பெருஞ்செலவாக முடியும். எந்த வேலை எவ்வகையைச் சேர்ந்தது என்பதை இங்கு விளக்குவோம்.

பற்றுச்சீட்டிற் காணாத செலவு

திருத்துமிடத்தில் தரப்படும் பற்றுச்சீட்டில் உதிரிப்பாகத்தின் விலையும் கூலியும் மாத்திரமே காணப்படும். இயந்திரத்தை ஏற்றியிறக்கிய வாகனத்தின் வாடகை அதில் இராது. உதிரிப்பாகம் வந்துசேரும்வரை காத்திருந்த நாட்களின் கணக்கும் இராது. அந்நாட்களில் உங்கள் வயலை உழுவித்தற்கு அயலவருக்குக் கொடுத்த பணத்தையும், பிறர் வயலை உழுது நீங்கள் பெற்றிருக்கக்கூடிய வருமானத்தையும் எவரும் எழுதித் தருவதில்லை.

இவை எல்லாவற்றையும் நீங்களே ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். போகத்தின் நடுவே ஏற்பட்ட பழுதாயின், வேலை நின்ற நாட்களின் நட்டம் கூலியிலும் மிகுதியாக இருத்தல் கூடும். ஆகவே கூலியைக் குறைப்பதிலும் பார்க்க, உழவு நாட்களில் இயந்திரம் நில்லாதவாறு பார்த்துக்கொள்வதே மெய்யான சிக்கனமாகும்.

ஓடிய நேரத்தின் கணக்கு

எஞ்சின் ஒயிலைப் போகத்துக்கொருமுறை மாற்றினாற் போதும் எனக் கருதுவோர் உளர். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்களுக்கு ஏறக்குறைய 100 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றவேண்டும் என்பது பொதுவான விதி. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் ஓடும் இயந்திரம் பன்னிரண்டரை நாட்களில் 100 மணித்தியாலத்தைக் கடந்துவிடும். ஒரு போகத்தில் 25 நாட்கள் ஓடினால் 200 மணித்தியாலமாகும். அவ்வாறாயின், போகத்துக்கொருமுறை மாற்றுபவர் பின்பாதி நாட்களைப் பயன் கெட்ட ஒயிலுடனேயே கழிக்கின்றார்.

ஆதலின் நாட்காட்டியை நம்பாது, ஒவ்வொரு மாலையும் ஓடிய மணித்தியாலத்தைக் கொப்பியிற் குறித்து வையுங்கள். புதிய எஞ்சினின் முதலாவது ஒயில் மாற்றம் 100 மணித்தியாலத்துக்கு மிக முன்னரே செய்யப்படவேண்டும். உங்கள் இயந்திரத்துக்குரிய கால அளவையும் ஒயில் வகையையும் அதனுடன் தந்த கைந்நூலைப் பார்த்து உறுதிசெய்துகொள்க.

நீங்களே செய்யவேண்டிய வேலைகள்

1. ஒயில் பார்த்தல்: காலையில் எஞ்சினை இயக்குமுன், இயந்திரத்தை மட்டமான இடத்தில் நிறுத்தி அளவுகோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் இரு குறிகளுக்கும் இடையில் இருத்தல் வேண்டும். மேற்குறியைத் தாண்டி நிரப்புவதும் தீங்கே. ஒயிலை மாற்றும்போது எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கையில் வடிய விட்டால் அடியிலுள்ள அழுக்கும் சேர்ந்து வெளியேறும்.

2. காற்று வடிகட்டி: இவ்வியந்திரங்கள் பலவற்றில் ஒயில் நிரம்பிய கிண்ணமுடைய வடிகட்டி உண்டு. வரண்ட நிலத்தில் உழும்போதும் சூடடிக்கும்போதும் இதனை நாள்தோறும் திறந்து பாருங்கள். அழுக்கடைந்த ஒயிலை அகற்றி, வலையை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, நன்றாக வடியவிட்டபின் புதிய ஒயிலைக் குறியளவுக்கு மாத்திரம் ஊற்றுங்கள். பெற்றோலைப் பயன்படுத்தலாகாது. வடிகட்டியைத் தாண்டி உள்ளே செல்லும் தூசு சிலிண்டரையும் பிஸ்ரன் வளையங்களையும் அராவிவிடும். அவற்றைப் புதுப்பித்தல் இவ்வெஞ்சினுக்கு ஏற்படும் பெருஞ்செலவுகளில் ஒன்று. அதைத் தடுக்கும் வேலையோ ஒரு கிண்ணத்தைக் கழுவுவதேயாகும்.

3. எரிபொருள்: டீசலைத் தெளியவைத்து, துப்புரவான துணியினூடாக வடித்து ஊற்றுங்கள். மாலையிலே தாங்கியை நிரப்பிவைத்தால் இரவுக் குளிரில் உள்ளே நீர்த்துளி படிவது குறையும். தாங்கி முற்றாக வற்றும்வரை ஓட்டினால் குழாயினுட் காற்றுப் புகுந்து, பின்னர் டீசல் நிரப்பினாலும் எஞ்சின் இயங்காது நிற்கலாம். இதற்கெனத் திருத்துநரை அழைக்க வேண்டியதில்லை. காற்று அகற்றும் திருகைச் சிறிது தளர்த்தி, குமிழியின்றி டீசல் வழியும்வரை விட்டு, மீண்டும் இறுக்கினாற் போதும்.

4. நீர்: தொட்டியிலோ றேடியேற்றரிலோ உள்ள நீர்மட்டத்தை நாள்தோறும் பார்த்து, தெளிந்த நன்னீரை ஊற்றுங்கள். வாய்க்காற் சேற்றுநீரும் உவர்நீரும் ஆகா.

5. பெல்ற்று: இரு கப்பிகளுக்கும் நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 2 முதல் 3 சதமமீற்றர் வரை தாழவேண்டும். மிகத் தளர்ந்தால் வழுக்கித் தேயும். மிக இறுகினால் தாங்கிகள் கெடும்.

6. கழுவுதலும் இறுக்குதலும்: சேற்று வயலிலிருந்து ஏறியவுடன் இயந்திரத்தைக் கழுவி, தளர்ந்த நட்டுக்களை இறுக்கி, உரிய இடங்களுக்குக் கிறீஸ் இடுங்கள். காற்று வடிகட்டியினுள் நீர் புகவிடாதீர்கள்.

இயந்திரம் காட்டும் அறிகுறிகள்

கரும்புகை தொடர்ந்து வந்தால் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது சுமை மிகுந்திருக்கலாம். நீலப்புகை ஒயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை ஓயாது வந்தால், டீசல் செவ்வையாக எரியவில்லை, அல்லது உள்ளே நீர் சேர்ந்துள்ளது என எண்ணலாம். கியர்ப்பெட்டியின் ஒயில் பால் நிறமாகியிருப்பின் அதனுள் நீர் புகுந்துள்ளது. அந்நிலையில் ஒயிலை மாற்றுவது மாத்திரம் போதாது. நீரைத் தடுக்கும் சீலையும் மாற்றுவித்தல் வேண்டும். இவ்வறிகுறிகளைக் கண்டவுடன் கவனித்தால் செலவு சிறிதாகவே முடியும்.

திருத்துநரிடம் விடவேண்டியவை

டீசல் பம்பியையும் நொசிலையும் வீட்டிலே பிரிக்கலாகாது. அவற்றின் பாகங்கள் மிக நுட்பமாகப் பொருத்தப்பட்டவை. ஒரு மணற்றுகளே அவற்றைக் கெடுத்துவிடும். நொசில் எந்த அழுத்தத்திற் திறக்கின்றது என்பதை அதற்குரிய கருவியின்றி அளக்கவும் முடியாது. வால்வுகளை அரைத்துப் பொருத்துதல், பிஸ்ரன் வளையம் மாற்றுதல், கியர்ப்பெட்டியைப் பிரித்தல் ஆகியனவும் பயிற்சி பெற்றவர்க்குரிய வேலைகள். உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரமாயின், எதையும் பிரிக்குமுன் முகவருக்கு அறிவியுங்கள். இல்லையேல் உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம்.

திருத்துமிடத்துக்குச் செல்லும்போது உங்கள் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். எப்போது ஒயில் மாற்றப்பட்டது, என்ன புகை, என்ன ஓசை எனத் தெளிவாகக் கூறினால் திருத்துநர் பழுதைத் தேடும் நேரம் குறையும். வேலை தொடங்குமுன் செலவைக் கேட்டறிந்து, மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அவதானம்

எஞ்சினை நிறுத்திய பின்னரே பெல்ற்றிற் கை வையுங்கள். சூடான றேடியேற்றரின் மூடியைத் திறவாதீர்கள். நொசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லக்கூடியது. அதன் முன் கையை நீட்டாதீர்கள். கழித்த ஒயிலை நிலத்திலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணக்கல் நிலங்களில் அது கிணற்று நீரைச் சென்றடையக்கூடும். அதனை ஒரு கலனிற் சேர்த்து, பழைய ஒயில் சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

போகத்துக்கு முன்

உழவு தொடங்குதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே இயந்திரத்தை இயக்கிப் பாருங்கள். திருத்துநர் செய்யவேண்டிய வேலைகளை அப்போதே செய்வித்தால், உதிரிப்பாகத்துக்குக் காத்திருந்தாலும் உழவு பிந்தாது. பெல்ற்று ஒன்றையும் எரிபொருள் வடிகட்டி ஒன்றையும் வாங்கி வீட்டில் வைத்திருங்கள். மேலும் விளக்கம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.