உச்சிமாடத்து விமானத்துறை

நகரங்கள் பெருகப் பெருக வீதிகளில் ஊர்திகளும் பெருகி, விரைவின் பொருட்டுச் செய்யப்பட்ட வண்டிகளே விரைவுக்குத் தடையாய் முடிகின்றன. இவ்விடர்ப்பாட்டினின்று மேலெழுந்து செல்ல மாந்தர் கண்ட வழிகளுள் ஒன்று, உயர்ந்த மாளிகைகளின் உச்சியிலேயே ஹெலிகாப்டர் இறங்குதற்கு இடம் அமைத்தலாம். அம்முயற்சி வளர்ந்து தேய்ந்த வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

விமானம் எழுதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். ஹெலிகாப்டரோ, தலைமேற் சுழலும் அலகுகளாற் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளி, நின்ற நிலையினின்றே செங்குத்தாக எழும். ஆதலின் சிறு தளமே அதற்குப் போதும். அதற்கு முன்னோடியான ஆட்டோஜைரோ என்னும் ஊர்தி, 1939-ஆம் ஆண்டு ஜூலை முதல் ஏறக்குறைய ஓராண்டு, அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரத் தபால் நிலையத்தின் கூரைக்கும் காம்டன் விமான நிலையத்துக்கும் இடையே தபால் சுமந்தது. கடிதம் சென்ற வழியே மனிதரும் செல்லலாம் என்னும் எண்ணம் பின்னர் வலுத்தது.

நியூயார்க் நகரில் 1963-இல் திறக்கப்பெற்ற பான் ஆம் மாளிகை 59 அடுக்குகளை உடையது. அதன் உச்சியினின்று 1965 டிசம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கு ஹெலிகாப்டர்கள் செல்லத் தொடங்கின. தரைவழியே நெடுநேரம் பிடிக்கும் பயணம் சில நிமிடங்களில் முடிந்தது. ஆயினும், இத்தகைய ஹெலிகாப்டர் நிறுவனங்களுக்கு அரசாங்கம் அளித்துவந்த உதவித்தொகை அவ்வாண்டிலேயே நின்றுவிட்டது. செலவு பெரிது, ஏறுவோர் தொகையோ சிறிது. பேரொலியையும் அபாயத்தையும் குறித்து நகரமாந்தர் முறையிட்டனர். 1968-இல் அத்துறை மூடப்பெற்றது.

1977 பிப்ரவரியில் அது மீண்டும் திறக்கப்பெற்றது. அவ்வாண்டு மே மாதம் 16-ஆம் நாள் மாலை, கூரைமேல் நின்ற ஹெலிகாப்டரொன்றின் தரைச்சக்கரக் கால், உலோகச் சோர்வினால் முறிந்தது. அலகுகள் சுழன்றுகொண்டிருக்கையிலேயே ஊர்தி பக்கவாட்டிற் சாய்ந்தது. உடைந்த அலகினால் கூரைமேல் நால்வர் மாண்டனர். அலகின் துண்டொன்று கீழே வீதியில் விழ, ஆங்கு நடந்து சென்ற பெண்மணி ஒருவரும் உயிரிழந்தார். அத்துறை அன்றோடு மூடப்பெற்றது. பின்னர்த் திறக்கப்படவே இல்லை.

நிற்க, உச்சிமாடத்துத் தளத்தினால் நன்மையே இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. பிரேசில் நாட்டுச் சாவோ பாலோ நகரில், 1972-இல் அந்திராவுஸ் மாளிகை தீப்பற்றியபோது, உச்சித் தளத்தினின்று பலரை ஹெலிகாப்டர்கள் மீட்டன. 1974-இல் அந்நகரத்து ஜோயெல்மா மாளிகை எரிந்தபோதோ, இறங்குதளம் இன்மையாலும் வெம்மையினாலும் புகையினாலும் ஹெலிகாப்டர்கள் இறங்க இயலவில்லை; 170-க்கு மேற்பட்டோர் மாண்டனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் உயர்ந்த மாளிகைகள் யாவும் அவசரத் தளம் உடையனவாதல் வேண்டும் என விதித்து, 2014-இல் அவ்விதியைத் தளர்த்தியது. இன்றும் பெருநகர மருத்துவமனைகள் பலவற்றின் கூரைமேல் நோயாளரைத் தாங்கிய ஹெலிகாப்டர்கள் இறங்குகின்றன. சாவோ பாலோவிற் செல்வர் பலர் அவற்றை நாள்தோறும் பயன்படுத்துவதும் உண்டு. எனினும், பொதுமக்களுக்குரிய வழக்கமான போக்குவரவாக அது நிலைபெறவில்லை.

இதன் காரணத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மருத்துவமனைக் கூரையில், அபாயத்தை ஏற்பதும் ஓர் உயிரைக் காத்தற்பொருட்டே. பான் ஆம் மாளிகைக் கூரையிலோ, ஈட்டிய பயன் ஒரு சிலருக்குச் சில நிமிடங்கள். அதற்குரிய அபாயமோ கீழே வீதியிற் செல்வோர் அனைவர் தலைமேலும் நின்றது. மாண்ட பெண்மணி அப்பயணத்திற் பங்குடையவர் அல்லர்; அதற்கு இசைவு தந்தவரும் அல்லர்.

இப்பொழுது மின்னாற்றலால் எழும் சிற்றூர்திகளை மாளிகைகளின் மேல் இறக்கும் முயற்சி மீண்டும் பேசப்படுகின்றது. பொறியியல் கற்கும் மாணாக்கர் அதன் வேகத்தையும் செலவையும் கணக்கிடுவர், அது தக்கதே. அக்கணக்கோடு, பயன் யாரைச் சாரும், தவறு நேரின் துன்பம் யார்மேல் விழும் என்னும் கணக்கையும் சேர்த்தெழுதுவராயின், அவர் கற்ற கல்வி முழுமை பெறும்.