பிள்ளைமேல் போதைச் சந்தேகமா? மாயாபந்தர் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மகனோ மகளோ குடிக்கிறார்களோ, வேறு போதை எடுக்கிறார்களோ என்று சந்தேகம் வந்ததும் நமக்குப் பதறும். கூடவே, ‘ஊருக்குத் தெரிந்துவிடுமே’ என்ற பயமும் வரும். அந்தப் பயத்தில் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்குத்தான் கேடு. வாருங்கள், படிப்படியாகப் போவோம்.

என்ன கவனிப்பது?

சிவந்த கண், காணாமல்போகும் பணம், சரியும் மதிப்பெண், மாறிப்போன தூக்கம். இவற்றில் பல சேர்ந்து வருகின்றனவா என்று ஒரு வாரம் தேதி போட்டுக் குறித்துவைப்போம். பள்ளிப் பையில் பசை வாடையடிக்கும் கைக்குட்டையோ காலி ஒயிட்னர் புட்டிகளோ கிடந்தால் தாமதிக்க வேண்டாம். மனச்சோர்விலும் இதே மாற்றங்கள் வரலாம். அதனால் முடிவு கட்டும் வேலையை மருத்துவரிடம் விடுவோம்.

எப்படிப் பேசுவது?

முதலில் அப்பாவும் அம்மாவும் பேசி ஒரு முடிவுக்கு வருவோம். பிள்ளை தெளிவாக இருக்கும் நேரத்தில், தனியாக உட்காருவோம். “குடிச்சியாடா?” என்று தொடங்காமல், “ரெண்டு வாரமா நீ சரியாத் தூங்கலையே, என்னப்பா ஆச்சு?” என்று கேட்போம். அடியும் திட்டும் வேண்டாம். பதில் வரும்வரை பொறுப்போம்.

எங்கே போவது?

முதலில் போன். போதை மீட்புக்கு 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். அடுத்து நம் ஊர் டாக்டர் ஆர்.பி. மருத்துவமனை. மேல்சிகிச்சை தேவைப்பட்டால் போர்ட் பிளேயர் (ஸ்ரீ விஜயபுரம்) ஜி.பி. பந்த் மருத்துவமனை.

எவ்வளவு செலவு?

இந்த இரண்டு எண்களுக்கும் கட்டணம் கிடையாது. போர்ட் பிளேயர் போனால் பஸ், தங்கல், சாப்பாட்டுக்குப் பணம் எடுத்துவைப்போம். சாலைவழி ஏறத்தாழ 240 கி.மீ.; ஜாரவா காப்புக்காட்டில் கான்வாய் நேரத்தில்தான் வண்டி விடுவார்கள். பயணத்துக்கே ஒரு முழு நாள் ஒதுக்குவோம்.

எச்சரிக்கை

தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். சோற்றில் தெரியாமல் கலக்கும் ‘குடி மறக்கும் மருந்து’ உயிருக்கே ஆபத்து. போதையில் கிடப்பவர் எழுப்பியும் எழாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம்.

2024 நவம்பரில் பாரன் தீவு அருகே ஒரு மீன்பிடிப் படகில் 5 டன்னுக்கும் அதிகமான மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளைக் கடலோரக் காவல்படை பிடித்தது. அதனால் கரையில் அறியாத பொட்டலம் ஒதுங்கினால் தொடாமல் போலீசுக்குச் சொல்லும்படி பிள்ளைகளிடம் சொல்லிவைப்போம்.

சிறுவருக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு, 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. தண்டனை கொடுத்தவனுக்கு, நம் பிள்ளைக்குத் தேவை சிகிச்சை. சந்தேகம் இருந்தால் இன்றே 14446-ஐ அழையுங்கள்.