காய்கறிக்கும் ஒரு நோட்டு போடுவோம்



கத்தரி, வெண்டை, பாகல் போடும் உறுப்பினர்கள் கொஞ்ச நாளாகவே கேட்கும் கேள்வி இது: "சான்றிதழ் இருந்தா நல்ல விலை கிடைக்குமாமே, எங்கே எழுதிக் கொடுக்கணும்?" எழுதிக் கொடுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் நிறைய இருக்கிறது.

ஒரு செய்தி சொல்கிறேன். 2003-ல் நம் நாட்டில் இருந்து நெதர்லாந்துக்குப் போன திராட்சையில் மெத்தோமில் என்ற பூச்சிமருந்தின் எச்சம் அளவுக்கு மேல் இருந்தது. சரக்கை ஒதுக்கிவிட்டார்கள். யாரோ சிலர் அடித்த மருந்தால் இந்தியத் திராட்சைக்கே கெட்ட பேர். அதன் பிறகுதான், 2006-ல், அபீடா நிறுவனம் 'கிரேப்நெட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தோட்டத்தைப் பதிய வேண்டும், பறிக்கும் முன் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்துப் பழம் என்று சொல்ல முடிய வேண்டும்.

நமக்குத் தெரிய வேண்டிய சான்று இரண்டு வகை. ரசாயனமே இல்லாமல் விளைவிப்பவர்களுக்கு பி.ஜி.எஸ். இந்தியா. ஒரே ஊரில் அல்லது பக்கத்து ஊரில் உள்ள குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்துச் சொல்லும் முறை. வெளி நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டி ஆள் வரவழைக்க வேண்டியதில்லை. மாறும் காலத்தில் 'கிரீன்', முழுதாக மாறிய பிறகு 'ஆர்கானிக்' என்று தருவார்கள்.

மற்றது நல்ல வேளாண் நடைமுறைச் சான்று. குளோபல்கேப், இண்ட்கேப் என்பவை இந்த வகை. இதில் மருந்து அடிக்கலாம். ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, என்றைக்கு, எத்தனை நாள் கழித்துப் பறித்தோம் என்று எழுதியிருக்க வேண்டும். குளோபல்கேப்பில் குழுவாகவும் சேரலாம். எல்லாத் தோட்டத்தையும் குழுவே வருஷம் ஒரு முறை பார்க்க வேண்டும். வெளியில் இருந்து வருபவர் சிலதை மட்டும் பார்ப்பார். 25 பேர் இருந்தால் 5 தோட்டம். அந்த 5-ல் கோளாறு என்றால் மற்ற 20 பேருக்கும் சேர்ந்தே அடி. ஒருத்தர் தவணை நின்றால் வங்கியில் மொத்தக் குழுவும் தலைகுனிந்து நிற்கிறோமே, அது மாதிரிதான்.

இங்கேதான் ஒரு அக்கா கேட்டார்: "மருந்து அடிக்கிறது எங்க வீட்டுக்காரர். எப்ப அடிச்சார்னே எனக்குத் தெரியாது. நான் விடிஞ்சா காய் பறிக்கப் போயிடுவேன். நான் என்னத்த எழுத?"

சான்றிதழ் விஷயத்தில் பெரிய சிக்கலே இதுதான். அடிப்பவர் ஒருவர், பறிப்பவர் ஒருவர். ஈரம் காயாத செடியில் கை வைப்பதும் அவர்தான், அதே காயை வீட்டில் சமைப்பதும் அவர்தான். அதனால் நோட்டு எழுதுவதை ஏதோ ஆபீஸ் வேலை என்று நினைக்காதீர்கள்.

மருந்து லேபிளில் காத்திருப்பு நாள் போட்டிருக்கும். ஒரே மருந்துக்கே பயிருக்குப் பயிர் நாள் மாறும். குளோரான்ட்ரானிலிப்ரோல் என்ற மருந்து தக்காளிக்கு 3 நாள், கத்தரிக்கு 22 நாள். கத்தரியை வாரம் இரண்டு முறை பறிக்கிறோம், 22 நாள் யார் சும்மா விடுவார்கள்? ஆக, காய்க்கும் செடிக்கு அது ஆகாது. துளைத்த நுனித் தண்டைக் கிள்ளி அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது என்று வேறு வழிதான் பார்க்க வேண்டும். கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டால் போதாது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தும், அதன் பிறகும் அடித்தவர்கள் உண்டு.

மருந்தோடு முடியவில்லை. யூரியா சாக்கில் காய் அள்ளுவது, வாய்க்கால் தண்ணீரில் கீரை அலசுவது, மக்காத சாணம் போடுவது எல்லாம் சோதனையில் குறைதான். இயற்கை விவசாயம் என்றாலும் அழுக்குத் தண்ணீர் அழுக்குத் தண்ணீர்தான்.

விலையையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கமிஷன் மண்டி ஏலத்தில் சான்றிதழை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டு வாங்கும் ஆளை முதலில் பிடியுங்கள், அப்புறம் பணம் கட்டுங்கள். சும்மா தோட்டத்துக் காயை விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. அதையே ஊறுகாய், வற்றல் போட்டு விற்றால் பதிவு வேண்டும்.

இந்த மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடலாம்: நோட்டில் ஏறாத தோட்டத்துக் காய் குழு மூட்டையில் சேராது. நோட்டு வீட்டுப் பெட்டிக்குள் வேண்டாம், மோட்டார் ரூமில் கயிறு கட்டித் தொங்கட்டும். அடித்தவர் பேர், தேதி, மருந்து, அளவு, பறிக்கலாம் என்கிற தேதி, இந்த ஐந்து கட்டம் போதும். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். கூட்டத்துக்கு மருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், லேபிளில் இருப்பதை எழுதி வந்தால் போதும்.